புரூப் அண்ணாச்சி சேர்த்துவைத்த பாயிண்டுகள்

ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகத் தாமிரபரணியில் இறங்கி நீச்சல் கற்றுக்கொண்ட மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். அவரோடு ஒரே அறையில் நான்கு வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். ஆகவே நீங்கள் இதை நம்பித்தான் ஆக வேண்டும்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் தினமும் அதைத்தான் எழுதுவார். ஆனால் பாளையங்கோட்டையில் எங்கள் அச்சகத்துக்கு வந்துபோகிற அத்தனை பேருக்கும் அவர் புரூப் அண்ணாச்சி. அச்சுக்குப் போகும் முன் தாளில் பிழை பார்ப்பது அவர் வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பள்ளிக்கூடக் கேள்வித்தாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் வெளியே போகும். நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது கொஞ்சம் பழகினாலே புரிந்துவிடும்.

பிழை பார்க்கிற மற்றவர்கள் எழுத்தைப் பார்ப்பார்கள். இவர் விஷயத்தையும் பார்ப்பார். ஒரு முறை கண்ணீர் அஞ்சலி அடிக்கக் கொடுத்தவரை உட்கார வைத்து, "இறந்துபோனவிய ஊருக்கெல்லாம் உதவுனாவன்னு எழுதியிருக்கிய. எந்தெந்த ஊருக்கு?" என்று கேட்டார். வந்தவர் துக்கத்தில் இருந்தவர். அவரும் மோட்டுவளையைப் பார்த்து யோசித்துவிட்டு, "சரி அண்ணாச்சி, தெருவுக்கெல்லாம்னு போட்டுக்கிடுங்க" என்றார். அப்படித்தான் அச்சாயிற்று.

அச்சகத்தின் முன் அறையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் நான், ஒன்றில் செல்வம். செல்வம் என்னைவிட ஒரு வயது சின்னவன். என்னை "எக்கா" என்பான். கீபோர்டை அடிக்கிற அடியில் எழுத்து தாளுக்கு அந்தப் பக்கம் போய்விடும். இது தொண்ணூறுகளின் நடுவில். முதலாளி பம்பாயிலிருந்து திரும்பி வந்த ஒருவரிடம் பழைய மிஷின் ஒன்றை வாங்கினார். கலர் மானிட்டர். அதற்குள் தமிழ் எழுத்து இருக்கிறதா என்று தேடிய செல்வம், ஒரு ராஜ்யத்தைக் கண்டுபிடித்தான்.

மூன்று பேர் சேர்ந்து அந்த ராஜ்யத்தைப் பூதங்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும். அதுதான் விளையாட்டு. ஒரு வாள்காரர், ஒரு திருடன், ஒரு மந்திரவாதி. முதலாளி ஒரு மணிக்குச் சாப்பிடப் போனால் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு மூன்று மணிக்குத்தான் வருவார். அந்த இரண்டு மணி நேரமும் ராஜ்யம் எங்கள் பொறுப்பு. நான் வாளை எடுத்துக்கொண்டேன். என் வீராங்கனைக்குச் செங்கமலம் என்று பெயர் வைத்தேன். செல்வம் திருடன். மந்திரவாதிக்கு ஆள் இல்லை. பக்கத்து மேஜையில் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டே திரையில் வரும் இங்கிலீஷை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்த புரூப் அண்ணாச்சியை இழுத்துப் போட்டோம். எங்கள் தலையெழுத்து அங்கேதான் மாறியது.

விளையாடியிராதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நாலு பூதத்தை யார் அடித்தாலும் மூன்று பேருடைய ஆட்களும் ஒரு படி மேலே ஏறுவார்கள். ஏறும்போதெல்லாம் ஐந்து பாயிண்டு கிடைக்கும். அதை எந்தத் திறமையில் வேண்டுமானாலும் போடலாம். வாளில் போட்டால் வெட்டு பலமாகும், வில்லில் போட்டால் குறி தப்பாது. எதில் போடுகிறோம் என்பதில்தான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது. எனக்குப் பிடித்தது வாளில் ஏழாவது பாயிண்டு. அதைப் போட்டுவிட்டால் செங்கமலம் ஒரே வீச்சில் இரண்டு வெட்டு வெட்டுவாள். அதைப் போட்ட அன்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதுகூட எனக்கு உள்ளங்கை குறுகுறுத்தது. செல்வத்துக்கு நிழல்நடை. அவன் திருடன் சுவரோரமாக நடந்தால் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். அதைப் போட்ட தினம் அவன் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் பாயிண்டு கையில் ஒரு நிமிஷம் தங்காது.

அண்ணாச்சியின் மந்திரவாதி முதல் படி ஏறினான். ஐந்து பாயிண்டு வந்தது.

"அண்ணாச்சி, நெருப்பு மந்திரத்துல அஞ்சையும் போடுங்க," என்றான் செல்வம்.

"எனக்கு நெருப்பு மந்திரம் தெரியாதேலே."

"உங்களுக்கு எதுக்குத் தெரியணும்? அவனுக்குத் தெரிஞ்சாப் போதும்."

"அவன் யாரு? நான் சொன்னபடி நடக்கவன். எனக்கே தெரியாத வேலையை அவனுக்குத் தெரியும்னு நான் எப்படிலே எழுதிக் கொடுக்கது?"

செல்வம் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். அண்ணாச்சி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திறமைப் பட்டியலைப் பைய ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார். 'வாசிப்பு' என்று ஒன்று இருந்தது. பழைய ஓலைகளைப் படிப்பதற்கு. அதில் இரண்டு போட்டார். 'நடை' என்று ஒன்று. தினமும் டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்கு நடந்தே வருகிறவர், அதனால் அதில் ஒன்று. மீதி இரண்டையும் போடாமல் வைத்துக்கொண்டார். அந்த விளையாட்டில் பாயிண்டைச் செலவழிக்காமல் சேர்த்து வைக்கலாம். அந்த வசதியை மட்டும் அதைச் செய்தவர்கள் வைக்காமல் இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ உபகாரமாக இருந்திருக்கும்.

இப்படியாக, வாசிக்கவும் நடக்கவும் மட்டுமே தெரிந்த ஒரு மந்திரவாதியைக் கூட்டிக்கொண்டு நாங்கள் பூதங்களோடு சண்டைக்குப் போனோம். நானும் செல்வமும் அடிபட்டு விழும்போது அவர் ஆள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பான், கொஞ்சம்கூடக் களைப்பில்லாமல்.

அவர் அந்தச் சட்டத்தை எங்கள் மேல் திணிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கேட்பார்.

"எம்மா, உனக்கு வாள் சுத்தத் தெரியுமா?"

"அருவாமணையில மீன் அறுப்பேன் அண்ணாச்சி."

அவர் அதைச் சிரிக்காமல் யோசித்தார். "அது ஒரு பாயிண்டுக்குத் தகும்," என்றார். "ஒம்பது போட்டிருக்கியே."

செல்வத்திடம் பூட்டுத் திறக்கத் தெரியுமா என்று கேட்டார். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கொண்டை ஊசியை வாங்கி முதலாளியின் மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினான். திறந்துவிட்டது. மூடத்தான் தெரியவில்லை. அண்ணாச்சி, "பாதி பாயிண்டு இதுல கிடையாது போலிருக்கே" என்று வருத்தப்பட்டார். முதலாளி மூன்று மணிக்கு வந்தபோது நாங்கள் மூன்று பேரும் முகத்தை மானிட்டருக்குள் வைத்துக்கொண்டு ஒரு காதணி விழாப் பத்திரிகையில் மூழ்கியிருந்தோம்.

பிறகு ஆறு வந்தது. விளையாட்டில்தான். அக்கரைக்குப் போனால்தான் அடுத்த ஊர். நீச்சலில் ஒரு பாயிண்டாவது இல்லாதவன் தண்ணீரில் இறங்கினால் மூன்று நொடியில் முங்கிவிடுவான். நானும் செல்வமும் ஆளுக்கொன்று போட்டுக்கொண்டு இறங்கினோம். மந்திரவாதி முங்கினான். அவன் செத்தால் எங்கள் மூன்று பேருக்கும் ஆட்டம் முடிந்தது. மறுபடி ஆரம்பம். மறுபடி முங்கினான்.

"ஆத்தங்கரையில பிறந்திருக்கிய. நீச்சல் தெரியாதா?" என்றேன்.

"படித்துறையில நின்னு முங்குவேன். அது நீச்சலாகாது."

"அண்ணாச்சி, ஒரே ஒரு பாயிண்டு," என்று செல்வம் கையைப் பிடித்துக்கொண்டான். "யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்லா," என்றார்.

மறுநாள் காலையிலிருந்து அவர் குறுக்குத்துறையில் லாரி டியூபோடு காணப்பட்டதாக ஊருக்குள் தகவல் வந்தது. துணி துவைக்க வந்த பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம். பல் தேய்க்க வந்த பெரியவர்கள் வாயில் வேப்பங்குச்சியோடு ஆளுக்கொரு யோசனை சொன்னார்களாம். மூன்று வாரம் அப்படிப் போனது. அச்சகத்துக்கு வரும்போது காதில் பஞ்சு வைத்திருப்பார், கூப்பிட்டால் கேட்காது. ஒருநாள் பதினொரு மணிக்கு வந்தார், வேட்டி நனைந்து, முகம் பூரித்து.

"டியூப் இல்லாம அக்கரைக்குப் போயிட்டேன்."

செல்வம் எழுந்து நின்று கைதட்டினான். மதியம் ஒரு மணி ஆனதும் அண்ணாச்சி நீச்சலில் ஒரு பாயிண்டு போட்டார்.

"இன்னொண்ணும் போடுங்க. ரெண்டு இருந்தா வேகமாப் போலாம்," என்றேன் நான்.

"திரும்பி வரும்போது நீந்தலைம்மா. தெம்பு இல்லை. கரையோரமா நடந்து, கொக்கிரகுளம் பாலம் வழியா டவுனுக்கு வந்து, அங்கன இருந்து குறுக்குத்துறைக்கு நடந்து போய்ச் சட்டையை எடுத்தேன். நீந்துனது போக மட்டுந்தான்."

அதனால் ஒன்றே ஒன்று. எங்கள் மந்திரவாதி அந்த ஆற்றை ஒரு எருமையின் நிதானத்தோடு கடந்தான். இரண்டு நாள் மதியம் அதற்கே போயிற்று.

சமையலுக்கும் இதே கதைதான். காட்டில் சமைத்துச் சாப்பிட்டால் காயம் ஆறும் என்று விளையாட்டில் ஒரு ஏற்பாடு. அண்ணாச்சி வெள்ளிக்கிழமைதோறும் சொதி வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தார். முதல் வாரம் தேங்காய்ப்பால் திரிந்து ஒருபக்கமும் தண்ணீர் ஒருபக்கமுமாக நின்றது. இரண்டாவது வாரம் உப்பில்லை. மூன்றாவது வாரம் மூன்று வாரத்து உப்பும் இருந்தது. நான்காவது வாரம் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் முதலாளி மேஜையில் வைத்துவிட்டார். முதலாளி யார் வைத்தது என்றுகூடக் கேட்காமல் வழித்து நக்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். சமையல், இரண்டு பாயிண்டு.

ஆனித் தேரோட்டத்தின்போது பலூன் சுடும் கடையில் நின்று பத்துக்கு மூன்று பலூனைச் சுட்டுவிட்டு வந்தார். வில்வித்தையில் போடுங்கள் என்று நாங்கள் மன்றாடினோம். "துப்பாக்கி வேற, வில்லு வேற" என்று மறுத்துவிட்டார். பாயிண்டுகள் சேர்ந்துகொண்டே போயின. இந்த மனிதர் இவ்வளவு வைத்துக்கொண்டு என்னதான் செய்யப்போகிறார் என்று எனக்குச் சில நாள் கோபம்கூட வரும். செங்கமலம் உயிரைக் கொடுத்து வெட்டிக்கொண்டிருப்பாள்; இவர் ஆள் பக்கத்தில் சொதி வைத்துக்கொண்டிருப்பான்.

ஏறக்குறைய ஒரு வருஷத்தில் கடைசிக் கோட்டைக்கு வந்து சேர்ந்தோம். கோட்டை வாசலில் இரண்டு கூட்டம் ஜென்மப் பகையோடு நிற்கும். நம்மைக் கண்டால் இரண்டும் நம்மை அடிக்கும். சண்டை போட்டு உள்ளே போக முடியாது. பதினான்கு மதியம் போட்டுப் பார்த்துவிட்டோம். ஒரே வழி, மந்திரவாதிக்கு 'சமாதானம் பேசுதல்' என்ற திறமையில் மூன்று பாயிண்டு வேண்டும். இருந்தால் அவன் இரண்டு கூட்டத்தையும் பேசி உட்கார வைப்பான், கதவு திறக்கும்.

இந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை முதலாளி வந்து, பழைய கலர் மிஷினைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுப்பதாகவும், திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஆள் வந்து தூக்கிக்கொண்டு போவான் என்றும் சொன்னார். செல்வம் அந்த விளையாட்டைப் பிளாப்பியில் ஏற்றிக் காப்பாற்றப் பார்த்தான். பதினாறு பிளாப்பி பிடித்தது. ஒன்பதாவது செத்துப்போயிருந்தது. ஆக எங்களுக்கு மிச்சம் இருந்தது திங்கட்கிழமை மதியம் ஒன்று மட்டும். அண்ணாச்சியிடம் போடாமல் கிடந்தது இருபத்தொன்பது பாயிண்டு.

"மூணே மூணு, அண்ணாச்சி," என்றான் செல்வம்.

"மத்ததெல்லாம் கத்துக்கிடலாம்லே. இது எனக்கு வராது."

"ஏன் வராது? நாளைக்கே யாராவது ரெண்டு பேரு சண்டை போடுத இடத்துக்குப் போவோம். பஸ் ஸ்டாண்டுல எப்பவும் நடக்கும்."

அண்ணாச்சி சாப்பிட்ட இலையை மடித்துக் காகிதத்தில் சுற்றினார். வெகு நேரம் சுற்றினார். பிறகுதான் சொன்னார்.

அவருக்கு ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார். ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்துக் கொடுத்தது இவர். பெண்ணின் தகப்பனார் என்று அண்ணன் பெயரை எழுதி, அதற்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டுக் கொடுத்திருந்தார்கள். அண்ணன் பி.ஏ.யில் ஒரு பரீட்சை பாக்கி வைத்தவர். பட்டம் வாங்காதவருக்குப் பட்டம் போடலாமா? புரூப் அண்ணாச்சி சிவப்புப் பேனாவால் பி.ஏ.வை அடித்துவிட்டார். அறுநூறு பத்திரிகை பி.ஏ. இல்லாமல் போனது. சம்பந்தி வீட்டில் ஏற்கெனவே பி.ஏ. என்றுதான் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா பந்தியில் உட்கார்ந்து நாலு பேர் கேட்க விசாரித்திருக்கிறார். கல்யாணம் முடிகிறவரை அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், "இனிமே என் வாசல்ல மிதிக்காதே" என்றார். இவர் மிதிக்கவில்லை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, தாங்க முடியாத எரிச்சலும் வந்தது. "அவியளைப் பாக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?" என்று கேட்டேன்.

"தோணாத நாளே இல்லைம்மா. போய் என்னன்னு சொல்லுவேன்? நான் அடிச்சது தப்புன்னு சொன்னாத்தான் அண்ணனுக்கு மனசு ஆறும். அது தப்பில்லையே. தப்புன்னு சொன்னா அதுதானே பொய்?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, போவோம். நாங்களும் வாரோம்," என்றான் செல்வம்.

"கேமுக்காகவாலே கூப்பிடுத?"

"ஆமா. கேமுக்காகத்தான். உங்க அண்ணனை எனக்குத் தெரியாது."

அண்ணாச்சி இலைப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "உள்ளதைச் சொன்ன. சரி, வா," என்றார்.

நான் வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய்யில்லை, போகிற வழியில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். பாளையங்கோட்டையில் திருச்செந்தூர் பாசஞ்சரைப் பிடித்தோம். செய்துங்கநல்லூரில் அண்ணாச்சி இறங்கித் திரும்பிவிடுகிறேன் என்றார். தாதன்குளத்தில் இன்னொரு தடவை சொன்னார். இரண்டு தடவையும் செல்வம் அவர் மஞ்சள் பையைப் பிடித்து வைத்துக்கொண்டான். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஊர் அந்தப் பக்கம். அணைக்கட்டுப் பாலத்தில் நடந்தோம். தண்ணீர் நிறைய இருந்தது.

அண்ணன், தன் வீட்டு வாசலில் வயர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதே மூக்கு, இன்னும் கொஞ்சம் பெரிதாக. பேப்பரை இறக்கித் தம்பியைப் பார்த்தார். மறுபடி ஏற்றிக்கொண்டார். உள்ளேயிருந்து அண்ணனின் மனைவி, மதினி, வந்தார்கள். ஒரு நொடி திகைத்துவிட்டு, "வெயில்ல நின்னா எப்படி, உள்ள வாங்க" என்றார்கள்.

"மத்தவங்க வரலாம்," என்றது பேப்பர். "அவன் வாசல்ல மிதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

ஒரு காலைப் படியில் வைத்திருந்த அண்ணாச்சி அதை எடுத்துத் தெருவில் வைத்துக்கொண்டார். செல்வம் தலையில் அடித்துக்கொண்டான். அதன் பிறகு நடந்தது முழுவதும், நானும் செல்வமும் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடிக்க, அண்ணாச்சி தெருவில் நிற்க, நடுவில் மதினி நிலைப்படியில் நிற்க நடந்தது.

"எதுக்கு வந்திருக்கான்னு கேளு," என்றார் அண்ணன், மதினியிடம்.

"மதினி, பத்திரிகையில பி.ஏ.வை அடிச்சது பத்திப் பேச வந்திருக்கேன்னு சொல்லுங்க."

"பேசச் சொல்லு."

"அதை அப்படி அடிச்சிருக்கக் கூடாது. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

பேப்பர் ஒரு விரற்கடை இறங்கியது. நான் செல்வத்தைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சாமியையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கேட்டிருந்து, நான் அது இருக்கட்டும்னு சொல்லியிருந்தா, விட்டிருப்பானான்னு கேளு."

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மதினிகூடத் தலையை ஆட்டிக் காட்டினார்கள். அண்ணாச்சி யோசித்தார். அவர் நேர்மையாக யோசிக்கிறார் என்று தெரிந்ததும் நான் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"விட்டிருக்க மாட்டேன்," என்றார்.

பேப்பர் ஏறிவிட்டது. செல்வம் என் காதில், "எக்கா, திரும்பிப் போக வண்டி எத்தனை மணிக்கு?" என்றான்.

அப்போது மதினிதான் பேசினார்கள், யாரும் சொல்லச் சொல்லாமல். "உங்க அண்ணன் அந்தப் பரீட்சையில பெயிலாகல. பரீட்சைக்கே போகல."

"நீ சும்மா இரு," என்றார் அண்ணன்.

"ஒம்பது வருஷமாச் சும்மாத்தான் இருக்கேன். கொழுந்தனாரே, அப்ப உங்களுக்கு ஏழு வயசு. நாலு நாளாக் காய்ச்சல், வலிப்பு வந்துட்டு. பரீட்சைக்குக் கிளம்பின மனுசன் உங்களைத் தோள்ல போட்டுக்கிட்டு இந்தப் பாலம் வழியா ஓடி, வண்டி பிடிச்சு, திருநவேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. எட்டு நாள் உங்க கூடவே இருந்தாவ. மறுவருஷம் எழுதலாம்னு இருந்தாவ. அதுக்குள்ள உரக்கடையில வேலைக்குச் சேரும்படி ஆயிட்டு. எனக்கே இதைக் கல்யாணமான புதுசுல ஒருதடவைதான் சொன்னாவ."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார்.

"தோள்ல போனது ஞாபகம் இருக்கு," என்றார். "வழியில அண்ணனுக்கு மூச்சு இரைச்சதும் ஞாபகம் இருக்கு. அது பரீட்சை அன்னைக்குன்னு தெரியாது."

பிறகு மதினியை விட்டுவிட்டு நேராக நாற்காலியைப் பார்த்துப் பேசினார். "ஏன் அண்ணே எங்கிட்டச் சொல்லல?"

அண்ணன் பேப்பரை மடித்தார். அவரும் மதினியை மறந்துவிட்டார். "என்னன்னுலே சொல்லுவேன்? உன்னாலதான் பட்டம் போச்சுன்னா? உனக்குக் காய்ச்சல் விட்டுது. அது போதும்னு விட்டுட்டேன்."

"மூலப்பிரதியைப் பாக்காமப் புரூப் பாத்துட்டேன்," என்றார் அண்ணாச்சி. அதைச் சொல்லிவிட்டு அழுதார். எங்களுக்கு முன்னால், தெருவில் நின்றுகொண்டு, நாற்பத்திரண்டு வயது மனிதர் சின்னப் பிள்ளைபோல அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நான் மோர்த் தம்ளரைப் பார்த்துக்கொண்டேன்.

"ஏலே, தெருவுல நின்னு அழாத. உள்ள வா."

"வாசல்ல மிதிக்கக் கூடாதுன்னு சொன்னியளே."

"அதை அடிச்சாச்சு. வாலே."

அன்றைக்கு வாழைக்காய்ப் பொரியலும் புளிக்குழம்புமாக அங்கேயே சாப்பிட்டோம். அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து இலை. அண்ணன் ஒரு தடவை குழம்புச் சட்டியைத் தம்பி பக்கம் நகர்த்தினார். இவர் ஊற்றிக்கொண்டு மறுபடி அவர் பக்கம் நகர்த்தினார். மூன்றரை மணி வண்டிக்கு அண்ணன் பாலத்தைத் தாண்டி ஸ்டேஷன் வரைக்கும் எங்களோடு நடந்து வந்தார்.

திங்கட்கிழமை மதியம் முதலாளி சாப்பிடப் போன உடனே மிஷினைப் போட்டோம். அன்றைக்குக் கோட்டைக் கதவு திறந்ததும், செங்கமலம் பூதராஜனை ஒரே வீச்சில் இரண்டு வெட்டு வெட்டியதும், மூன்று மணிக்கு ஆள் வந்து அந்த மிஷினைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனதும் எல்லாம் நடந்தது. ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு நினைவில் நிற்பது அதற்கெல்லாம் முந்தைய ஒரு நிமிஷம்தான்.

அண்ணாச்சி தன் மந்திரவாதியின் திறமைப் பட்டியலைத் திறந்தார். சமாதானம் பேசுதல் என்ற வரியில் வந்து நின்றார். அங்கே பூஜ்யம். கையை எடுத்துவிட்டு கீபோர்டை என் பக்கம் தள்ளினார்.

"நேத்து அதைச் செஞ்சது நானா, மதினியா, அண்ணனா, எனக்குத் தெரியலைம்மா. நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த. நீயே போடு. எவ்வளவுன்னு உனக்குத் தோணுதோ அவ்வளவு போடு."

நான் போட ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"எக்கா, போதும்," என்றான் செல்வம். "மூணு போதும். மிச்சத்தை நெருப்பு மந்திரத்துல போடுங்க."

நான் நிறுத்தவில்லை. பத்தைத் தாண்டினேன். "எக்கா, என்ன செய்யுதிய?" என்று செல்வம் பதறினான். அண்ணாச்சி ஒவ்வொரு எண்ணாக மாறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. நான் இருபத்தொன்பதையும் அந்த ஒரே வரியில் போட்டேன். அந்த மனிதருக்கு மூன்று மட்டும் போட எனக்கு மனசு வரவில்லை.